படிவிலும் மண்ணிலும் உலோகத்தின் வேதிவடிவம் அறிதல்: குரோமியத்தை முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

மண்ணிலோ ஆற்றுப்படிவிலோ ஓர் உலோகம் எவ்வளவு உள்ளது என்று கூறும் மொத்த அளவு, அவ்வுலோகத்தால் விளையும் தீங்கை மதிப்பிடப் போதுமானதன்று. அது எவ்வடிவில், எதனோடு பிணைந்து உள்ளது என்பதும் அறியப்பட வேண்டும். இதற்கெனச் சூழல் வேதியியலார் வகுத்துள்ள படிமுறைப் பிரித்தெடுப்பு, இணைதிறன்வழி அளவிடல் ஆகிய இரு நெறிகளையும் அவற்றின் எல்லைகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. பாலாற்றுப் படுகையின் குரோமிய மாசு எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது. இத்துறைக் கருத்துகளைத் தமிழில் தரும்போது கலைச்சொல் தேர்வு பொருளை எவ்வாறு காக்கிறது அல்லது சிதைக்கிறது என்பதும் ஆராயப்படுகிறது.

திறவுச் சொற்கள்: வேதிவடிவம், கூறுபிரிப்பு, படிமுறைப் பிரித்தெடுப்பு, குரோமியம், ஆற்றுப்படிவு, அறிவியல் தமிழ், கலைச்சொல்.

முன்னுரை

தொகை, வகை, விரி என்னும் பாகுபாடு தமிழ் இலக்கண மரபில் தோய்ந்தவர்க்குப் புதியதன்று. ஒரு பொருளைத் தொகையாகச் சுட்டுவதால் பெறும் அறிவு வேறு. வகைப்படுத்தி அறிவது வேறு. இவ்வேறுபாடு ஒரு மண் ஆய்வறிக்கையிலும் உயிரான வேறுபாடாக நிற்கிறது. ஒரு கிலோகிராம் மண்ணில் இத்தனை மில்லிகிராம் குரோமியம் உள்ளது என்பது தொகை. அக்குரோமியத்தில் எப்பகுதி மழைநீரில் கரைந்து கிணற்றை அடையும், எப்பகுதி கனிமத்துள் சிறைப்பட்டு அசையாதிருக்கும் என்பது வகை. அந்நிலத்தில் பயிரிடுவோர்க்கும் அக்கிணற்றின் நீரைப் பருகுவோர்க்கும் வேண்டுவது பின்னைய அறிவே ஆகும்.

தமிழில் வேதியியலை எழுதும் முயற்சி நெடிய வரலாறு உடையது. யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1875-இல் 'கெமிஸ்தம்' என்னும் நூலை வெளிக்கொணர்ந்தார். அக்காலம் தொட்டுத் தனிமங்கள், சேர்மங்கள், வினைகள் ஆகியவற்றைக் குறிக்கும் சொற்கள் தமிழில் பெருகிவந்துள்ளன. ஆயினும், ஒரே தனிமத்தின் பல்வேறு வடிவங்களைப் பிரித்தறியும் இத்துறைக்குரிய சொற்கள் இன்னும் நிலைபெறவில்லை. அவற்றை நிலைபெறச் செய்வதற்கு முதற்படி, சொல் சுட்டும் செயலை உள்ளவாறு விளங்கிக்கொள்வதாகும். அவ்விளக்கமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மொத்த அளவின் போதாமை

இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய பாலாற்றுப் படுகை ஊர்கள் தோல் பதனிடும் தொழிலால் அறியப்பட்டவை. இப்பகுதியின் தோல் தொழிற்சாலைக் கழிவு குறித்த பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டு 28 அன்று வழங்கிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டையும் மாசுபடுத்தியவரே இழப்பை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டையும் இந்தியச் சட்டத்தின் பகுதிகளாக ஏற்றது. அவ்வகையில் இப்பகுதியின் மாசு, நாட்டின் சட்ட வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது.

இப்பகுதியில் குரோமியம் மண்ணை அடைந்த வழிகள் இரண்டு. முதலாவது, தோல் பதனிடல். இதற்குக் காரக் குரோமியம் சல்பேட்டு பயன்படுகிறது. இதிலுள்ள குரோமியம் மூவிணைதிறன் உடையது. தோலின் கொலாஜன் புரதத்தோடு பிணைந்து தோலை அழுகாமல் காப்பது இதுவே. தோல் ஏற்காது விட்ட பகுதி கழிவுநீரிலும், பின்னர்க் கசடிலும் தங்குகிறது. இரண்டாவது, குரோமேட்டு உப்புகளின் உற்பத்தி. குரோமைட்டுத் தாதுவைக் காரப்பொருளோடு கலந்து காற்றில் வறுத்து, நீரில் கரையும் குரோமேட்டாக மாற்றுவது இம்முறை. இதன் கழிவில் அறுவிணைதிறக் குரோமியம் எஞ்சியிருக்கும். இராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையொன்றின் வளாகத்தில் இத்தகைய கழிவு இலட்சம் டன்னுக்கும் மேலாகக் குவிந்து கிடந்தது பலரும் அறிந்த செய்தியாகும்.

இவ்விரு குரோமியமும் தனிமத்தால் ஒன்று, இயல்பால் நேரெதிர். மூவிணைதிறக் குரோமியம் நடுநிலைக்கு அருகிலான மண்ணில் ஹைட்ராக்சைடாகப் படிந்துவிடும், களிமண்ணோடும் மட்கோடும் இறுகப் பிணையும், எளிதில் இடம்பெயராது. அறுவிணைதிறக் குரோமியமோ குரோமேட்டு என்னும் எதிர்மின் அயனியாக நீரில் கரையும். மண்துகள்களின் பரப்பும் பெரும்பாலும் எதிர்மின் தன்மையுடையதாதலால், நடுநிலை, காரநிலை மண்களில் அது துகள்களில் ஒட்டாது நீரோடு செல்லும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1990-இல் வெளியிட்ட மதிப்பீட்டில், அறுவிணைதிறக் குரோமியச் சேர்மங்களை மனிதர்க்குப் புற்றுநோய் விளைப்பவை என்னும் முதல் தொகுதியில் வைத்தது. மூவிணைதிறச் சேர்மங்களை வகைப்படுத்த இயலாதவை என்னும் மூன்றாம் தொகுதியில் வைத்தது.

எடுத்துக்காட்டாக, இரு வயல்களைக் கற்பனை செய்துகொள்வோம். இரண்டிலும் ஒரு கிலோகிராம் மண்ணுக்கு 400 மில்லிகிராம் குரோமியம் உள்ளது. முதல் வயலில் அது முழுவதும் மூவிணைதிற நிலையில் இரும்பு ஆக்சைடோடும் மட்கோடும் பிணைந்துள்ளது. இரண்டாம் வயலில் அதில் 40 மில்லிகிராம் குரோமேட்டாக உள்ளது. மொத்த அளவை மட்டும் கூறும் அறிக்கை இரு வயல்களையும் ஒன்றெனக் காட்டும். ஆனால் அந்த 40 மில்லிகிராம் நிலத்தடி நீரில் கரைந்து பரவத்தக்கது. குடிநீருக்கான இந்தியத் தரநிலை, ஒரு லிட்டர் நீரில் மொத்தக் குரோமியம் 0.05 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்கிறது. இவ்வெல்லையோடு ஒப்பிட, இரண்டாம் வயலின் நிலை எத்தகையது என்பது தெளிவாகும்.

வேதிவடிவமும் கூறுபிரிப்பும்

தூய, பயன்முறை வேதியியலின் பன்னாட்டு ஒன்றியம் 2000-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இத்துறையில் மயங்கிக் கிடந்த நான்கு கருத்துகளை வரையறுத்தது. முதலாவது, வேதிவடிவம்: ஐசோடோப்பு அமைப்பு, மின்னணு நிலை அல்லது ஆக்சிஜனேற்ற நிலை, மூலக்கூற்று அமைப்பு ஆகியவற்றால் வரையறுக்கப்படும், ஒரு தனிமத்தின் குறிப்பிட்ட வடிவம். இரண்டாவது, வேதிவடிவ ஆய்வு: ஒரு மாதிரியில் உள்ள அவ்வடிவங்களை இனங்கண்டு அளக்கும் செயல். மூன்றாவது, வேதிவடிவப் பரவல்: ஓர் அமைப்பில் உள்ள தனிமம், வரையறுக்கப்பட்ட வடிவங்களிடையே எவ்வாறு பங்கிடப்பட்டுள்ளது என்னும் நிலை. நான்காவது, கூறுபிரிப்பு: கரைதிறன், துகள் அளவு, பிணைப்பு, வினைத்திறன் போன்ற பண்புகளின் அடிப்படையில் ஆய்பொருளைத் தொகுதிகளாகப் பகுத்தல்.

இவற்றுள் முதல் மூன்றும் ஒரு குடும்பம், நான்காவது தனித்தது. வேதிவடிவ ஆய்வு, 'இது குரோமேட்டு' என்று பெயர் சுட்டும். கூறுபிரிப்பு, 'இது இக்கரைசலில் கரைந்த பகுதி' என்று மட்டும் கூறும். மண்ணும் படிவும் எண்ணற்ற கனிமங்களும் மட்கும் கலந்தவை. அவற்றுள் ஒவ்வொரு சேர்மத்தையும் தனித்தனியே இனங்காணுதல் பெரும்பாலும் இயலாது. ஆகவே, நடைமுறையில் பெரிதும் நிகழ்வது கூறுபிரிப்பே. ஆயினும் ஆய்வுரைகளில் அதுவும் 'ஸ்பீசியேஷன்' என்றே வழங்கப்பட்டுவந்தது. வழிகாட்டுதல் களைய முற்பட்டது இம்மயக்கத்தையே ஆகும்.

படிமுறைப் பிரித்தெடுப்பு

கனடாவின் கியூபெக் மாநிலத்தைச் சேர்ந்த டெசியே, கேம்பெல், பிசோன் ஆகியோர் 1979-இல் வெளியிட்ட முறையே இத்துறையின் அடித்தளம். மென்மையான கரைசலில் தொடங்கி வன்மையான கரைசலில் முடியும் வரிசையில் ஒரே மாதிரியைத் தொடர்ந்து வினைப்படுத்துவது இதன் சாரம். ஒவ்வொரு படியிலும் கரைந்தது பிரித்தெடுக்கப்பட்டு அளக்கப்படும்; கரையாது எஞ்சியது கழுவப்பட்டு அடுத்த படிக்குச் செல்லும். 1 கிராம் படிவு ஐந்து கூறுகளாகப் பகுக்கப்படுகிறது.

1. பரிமாற்றக் கூறு: நடுநிலையிலுள்ள 1 மோலார் மெக்னீசியம் குளோரைடு கரைசலில் ஒரு மணிநேரம் குலுக்கும்போது வெளிவருவது. துகள்களின் பரப்பில் மின்கவர்ச்சியால் மட்டும் ஒட்டியிருந்த அயனிகள், மிகுதியான மெக்னீசிய அயனிகளுக்கு இடம்விட்டு வெளியேறுகின்றன.

2. கார்பனேட்டுக் கூறு: பி.எச். 5 அளவிலான 1 மோலார் சோடியம் அசிட்டேட்டு கரைசலில் வெளிவருவது. மெல்லிய அமிலத்தன்மை கார்பனேட்டுகளைக் கரைக்கிறது.

3. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுக் கூறு: 25 விழுக்காடு அசிட்டிக் அமிலத்தில் கரைத்த 0.04 மோலார் ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடில், ஏறத்தாழ 96 பாகை வெப்பத்தில் வெளிவருவது. இவ்வினைப்பொருள் ஓர் ஒடுக்கி. ஆக்சைடுகளை ஒடுக்கிக் கரைத்து, அவற்றில் பிணைந்த உலோகத்தை விடுவிக்கிறது.

4. கரிமக் கூறு: நைட்ரிக் அமிலம் சேர்த்த 30 விழுக்காடு ஹைட்ரஜன் பெராக்சைடில், 85 பாகை வெப்பத்தில் வெளிவருவது. மட்கும் சல்பைடும் ஆக்சிஜனேற்றம் அடைந்து சிதைகின்றன. வெளிவந்த உலோகம் மீண்டும் ஒட்டாதிருக்க அம்மோனியம் அசிட்டேட்டு சேர்க்கப்படுகிறது.

5. எஞ்சிய கூறு: ஹைட்ரோஃபுளூரிக் அமிலமும் பெர்குளோரிக் அமிலமும் சேர்ந்து சிலிக்கேட்டுக் கனிமங்களையும் சிதைக்கும்போது வெளிவருவது.

இவ்வரிசை மனம்போன போக்கில் அமைந்ததன்று. இயற்கையில் படிவு எதிர்கொள்ளக்கூடிய மாற்றங்களின் உருவகமாகவே ஒவ்வொரு படியும் நிற்கிறது. உப்புத்தன்மை மாறினால் முதற்கூறு அசையும். அமிலத்தன்மை கூடினால் இரண்டாவது அசையும். வெள்ளம் தேங்கி ஆக்சிஜன் குன்றினால் மூன்றாவது அசையும். ஆழ்ந்து கிடந்த சேறு தூர்வாரப்பட்டுக் காற்றுப்பட்டால் நான்காவது அசையும். ஐந்தாவது, மனித வாழ்நாள் அளவில் அசையாததாகவே கருதப்படுகிறது.

ஆய்வகத்துக்கு ஆய்வகம் நேரமும் செறிவும் மாறினால் முடிவுகளை ஒப்பிட இயலாது. இக்குறையைக் களைய ஐரோப்பியச் சமூகத்தின் ஒப்பீட்டுப் பணியகம், அசிட்டிக் அமிலம், ஹைட்ராக்சிலமின் ஹைட்ரோகுளோரைடு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் அம்மோனியம் அசிட்டேட்டு என்னும் மூன்று படிகளாலான பொதுமுறை ஒன்றை வகுத்தது. 1993-இல் வெளியான இம்முறை 1999-இல் திருத்தப்பட்டது. திருத்தத்தில் ஹைட்ராக்சிலமின் செறிவு 0.1 மோலாரிலிருந்து 0.5 மோலாராக உயர்த்தப்பட்டு, அதன் பி.எச். 1.5 ஆக்கப்பட்டது. எஞ்சிய பகுதியை இராஜதிராவகத்தில் கரைத்து, நான்கு கூறுகளின் கூட்டுத்தொகையை நேரடியாக அளந்த அளவோடு ஒப்பிடவும் பரிந்துரைக்கப்பட்டது. இத்தாலியின் ஓர்தா ஏரிப் படிவிலிருந்து இதற்கெனச் சான்றளிக்கப்பட்ட ஒப்பீட்டுப் பொருளும் உருவாக்கப்பட்டது. தம் ஆய்வகத்தின் அளவீடு சரியானதா என்பதை ஒருவர் அதனைக்கொண்டு சோதித்துக்கொள்ளலாம்.

முறையின் எல்லைகள்

படிமுறைப் பிரித்தெடுப்பின் அடிப்படைச் சிக்கல் இரண்டு. ஒன்று, எந்த வினைப்பொருளும் தனக்குரிய கட்டத்தை மட்டும் கரைப்பதில்லை. மற்றொன்று, ஒரு படியில் வெளிவந்த உலோகம், அப்படி முடியும் முன்னரே எஞ்சிய துகள்களில் மீண்டும் ஒட்டிக்கொள்ளக்கூடும். அவ்வாறாயின் அது அடுத்த படியின் கணக்கில் சேரும். கெபோயன், பாவர் ஆகியோர் 1987-இல் கட்டங்கள் முன்னரே அறியப்பட்ட செயற்கைப் படிவுகளை உருவாக்கிச் சோதித்தபோது, எதிர்பார்த்த படியில் எல்லா உலோகங்களும் வெளிவரவில்லை.

இதனால் முறை பயனற்றதாகிவிடாது. பெறப்படும் கூறு, செயல்முறையால் வரையறுக்கப்பட்டது என்னும் தெளிவு வேண்டும் என்பதே இதன் பொருள். 'கார்பனேட்டோடு பிணைந்தது' என்பது ஊகம். 'சோடியம் அசிட்டேட்டில் பிரிந்தது' என்பது கண்டறிந்த உண்மை.

குரோமியத்தைப் பொறுத்தவரை மற்றுமொரு குறையும் உண்டு. குரோமேட்டு எதிர்மின் அயனியாதலால், இரும்பு ஆக்சைடின் பரப்பில் ஒட்டிய குரோமேட்டை வெளியேற்றப் பாஸ்பேட்டு போன்ற போட்டி எதிரயனி வேண்டும். நேர்மின் அயனிப் பரிமாற்றத்தைக் கருதி அமைந்த முதற்படி இதற்கு ஏற்றதன்று. மேலும், ஹைட்ராக்சிலமின் அறுவிணைதிறக் குரோமியத்தை மூவிணைதிற நிலைக்கு ஒடுக்கிவிடும். அமிலச் சூழலில் ஹைட்ரஜன் பெராக்சைடும் அதையே செய்யும். எனவே, எதை அறிய விழைகிறோமோ அதையே இம்முறை வழியில் அழித்துவிடுகிறது. படிமுறைப் பிரித்தெடுப்பால் குரோமியத்தின் பிணைப்பை ஓரளவு அறியலாம். இணைதிறனை அறிய இயலாது.

இணைதிறன்வழி அளவிடல்

அறுவிணைதிறக் குரோமியத்தை மாற்றமின்றி வெளிக்கொணரக் காரச் சூழல் வேண்டும். காரத்தில் குரோமேட்டு கரையும். ஒடுக்க வினைகள் தளரும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் 3060ஏ முறையில், மாதிரி, சோடியம் கார்பனேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் கலந்த கரைசலில் 90 முதல் 95 பாகை வரையிலான வெப்பத்தில் 60 நிமிடம் வைக்கப்படுகிறது. காரத்தில் மூவிணைதிறக் குரோமியம் காற்றால் ஆக்சிஜனேற்றம் அடைந்துவிடாதிருக்க மெக்னீசிய உப்பும் பாஸ்பேட்டுத் தாங்கலும் சேர்க்கப்படுகின்றன.

கரைசலில் உள்ள குரோமேட்டு, அமிலச் சூழலில் டைஃபீனைல்கார்பசைடுடன் வினைபுரிந்து செவ்வூதா நிறம் தரும். 540 நானோமீட்டர் அலைநீளத்தில் அந்நிறத்தின் செறிவை அளந்து குரோமேட்டின் அளவு கணக்கிடப்படுகிறது. தோல் கழிவு கலந்த மண்ணில் மட்குப்பொருள் கரைசலுக்குப் பழுப்பு நிறம் தந்து அளவீட்டில் குறுக்கிடக்கூடும். அந்நிலையில் அயனி நிறப்பகுப்பியலால் குரோமேட்டைத் தனியே பிரித்து அளத்தல் தக்கது. மொத்தக் குரோமியத்தை அணு உறிஞ்சல் நிறமாலைமானியால் அளந்து, அதிலிருந்து அறுவிணைதிற அளவைக் கழித்தால் மூவிணைதிற அளவு பெறப்படும்.

அறிந்த அளவு குரோமேட்டை மாதிரியில் சேர்த்து, அது முழுவதும் மீண்டும் கிடைக்கிறதா என்று பார்ப்பது கட்டாயம். கிடைக்கும் அளவு குறைந்தால் உடனே பிழையென ஒதுக்கலாகாது. சல்பைடும் இரும்பு ஒடுக்க அயனியும் மட்கும் மிக்க மண், சேர்த்த குரோமேட்டையும் ஒடுக்கியிருக்கலாம். அது அம்மண்ணின் இயல்பைக் காட்டும் சான்றாகவும் அமையும்.

கரைக்காமலே அறியும் வழியும் உண்டு. ஒத்தியங்கு முடுக்கியிலிருந்து பெறும் எக்ஸ்-கதிரை மாதிரியில் செலுத்தினால், அறுவிணைதிறக் குரோமியம் ஏறத்தாழ 5993 எலெக்ட்ரான் வோல்ட்டில் கூர்மையான முன்விளிம்பு முகடு ஒன்றைத் தரும்; மூவிணைதிறக் குரோமியத்தில் அது மிக மெலிந்தே இருக்கும். எனினும் இவ்வசதி எல்லா ஆய்வகங்களுக்கும் எட்டுவதன்று. மிகக் குறைந்த அளவுகளை அளக்கவும் இது ஏற்றதன்று.

மாதிரியைக் காத்தல்

அளவீடு எத்துணை நுட்பமாயினும், மாதிரி வழியிலேயே மாறிவிட்டால் முடிவு பொய்க்கும். டெசியே குழுவினரின் முறை வெளியான அதே 1979-இல், பார்ட்லெட், ஜேம்ஸ் ஆகியோர் மண்ணிலுள்ள மாங்கனீசு ஆக்சைடுகள் மூவிணைதிறக் குரோமியத்தை அறுவிணைதிற நிலைக்கு ஆக்சிஜனேற்றம் செய்கின்றன என்று காட்டினர். களத்திலிருந்து கொணர்ந்த ஈரமண்ணில் இவ்வினை நிகழ்ந்தது. உலர்த்திச் சேமித்த மண்ணில் அத்திறன் குன்றியது. மண்ணை உலர்த்திச் சலித்து ஆய்வது நெடுநாள் வழக்கமாதலின், இவ்வினை அதுவரை கவனத்துக்கு வராமற்போனதில் வியப்பில்லை.

இதிலிருந்து இரு முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, ஈரமாதிரியைக் குளிர்நிலையில் காத்து விரைந்து ஆய வேண்டும். ஆக்சிஜன் அற்ற ஆழ்சேற்றை நைட்ரஜன் சூழலில் கையாள வேண்டும். இரண்டாவது, வேதிவடிவம் என்பது நிலைத்த பண்பன்று. இன்று தீங்கற்ற மூவிணைதிறக் கசடு, மாங்கனீசு மிக்க, காற்றோட்டமுள்ள மண்ணில் பரப்பப்பட்டால் அதில் ஒரு சிறு பகுதி நாளை குரோமேட்டாகலாம். மறுதலையாக, குரோமேட்டு படிந்த மண்ணில் இரும்பு ஒடுக்கச் சல்பேட்டைச் சேர்த்து அதனை மூவிணைதிற நிலைக்குத் திருப்பலாம். மாசு நீக்கத்தில் இவ்வழி கையாளப்படுகிறது. எவ்விடத்தில் எவ்வளவு சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்க மொத்த அளவு உதவாது. வேதிவடிவ அளவே வேண்டும்.

தமிழில் தரும்போது

'ஸ்பீசியேஷன்' என்னும் சொல் உயிரியலில் புதிய சிற்றினம் தோன்றுவதைக் குறிக்கும். அங்கு வழங்கும் 'சிற்றினமாதல்' என்னும் தமிழாக்கத்தை வேதியியலுக்கும் நீட்டினால், உலோகம் புதிய இனமாகப் பிறக்கிறது என்னும் பிழையான பொருள் தோன்றும். வேதியியலார் கருதுவது, இருக்கும் வடிவங்களை அறிதலும் அவற்றிடையே உள்ள பங்கீடும் ஆகும். ஆகவே செயலுக்கு 'வேதிவடிவ ஆய்வு' என்றும், நிலைக்கு 'வேதிவடிவப் பரவல்' என்றும் இரு சொற்கள் வேண்டும். ஒரே சொல்லால் இரண்டையும் குறிக்கும் இடர்ப்பாடு மூலமொழியில் உள்ளது. அதனைத் தமிழும் ஏற்க வேண்டுவதில்லை.

கூறுகளின் பெயரிலும் இக்கவனம் தேவை. 'பிணைந்த கூறு' என்னும் பெயரெச்சத் தொடர் பிணைப்பை ஐயமற்ற உண்மையாகக் கூறிவிடுகிறது. 'அமிலத்தில் பிரியும் கூறு', 'ஒடுக்கத்தால் பிரியும் கூறு', 'ஆக்சிஜனேற்றத்தால் பிரியும் கூறு' என்னும் தொடர்களோ வேற்றுமை உருபாலேயே செயல்முறையைச் சுட்டிவிடுகின்றன. எந்த வினையால் கூறு பெறப்பட்டது என்பது பெயரிலேயே விளங்கும். மூன்று படிகளாலான பொதுமுறையின் பெயரீடும் இவ்வியல்பினதே.

இவை சொல்லாராய்ச்சியோடு நின்றுவிடும் செய்திகளல்ல. மாசு குறித்த அறிவிப்போ செய்தியோ தமிழில் வரும்போது, 'குரோமியம் கலந்துள்ளது' என்னும் தொடர் இருவகையில் தீங்கு செய்யக்கூடும். அறுவிணைதிற நிலை இருக்கும் இடத்தில் அது ஆபத்தை மறைக்கும். மூவிணைதிற நிலை மட்டும் இருக்கும் இடத்தில் வேண்டாத அச்சத்தை விளைக்கும். 'கன உலோகம்' என்னும் பொதுச்சொல் இன்னும் மிகுதியாக மறைக்கும். எந்த உலோகம், எந்த நிலை, எந்த முறையால் அளக்கப்பட்டது என்னும் மூன்றும் தமிழ்த் தொடரில் இடம்பெறுதல் வேண்டும்.

முடிவுரை

மண்ணிலும் படிவிலும் உலோகத்தின் மொத்த அளவு ஒரு தொடக்கமே. படிமுறைப் பிரித்தெடுப்பு, உலோகம் எத்தகைய சூழல் மாற்றத்தில் அசையும் என்பதைக் காட்டுகிறது. அதன் கூறுகள் செயல்முறையால் வரையறுக்கப்பட்டவை. இணைதிறன் மாறும் குரோமியம் போன்ற உலோகத்துக்கு அம்முறை மட்டும் போதாது. காரப் பிரித்தெடுப்பும் நிறவழி அளவீடும் உடன் வேண்டும். இவ்விரண்டும் மாதிரி மாறாமல் காக்கப்பட்டால் மட்டுமே பொருளுடையன. இவ்வேறுபாடுகளைத் தமிழில் தெளிவுறக் காட்டத் தனித்தனிச் சொற்கள் தேவை; அவற்றை ஆக்கும் வளம் மொழியில் உள்ளது. வேதியியலாரும் தமிழாய்வாளரும் கூடிச் செய்யத்தக்க பணி இது. பாலாற்றங்கரையில் வாழும் ஒருவர், தம் நிலத்தைப் பற்றிய ஆய்வறிக்கையைத் தம் மொழியில் படித்து, அதன் எண் எதைக் கூறுகிறது, எதைக் கூறவில்லை என்று அறியுமாறு அதனை எழுதித் தருவதே அறிவியல் தமிழின் கடமையாகும்.